இயேசுவின் நாமத்தில் ஜெபிப்பது எப்படி: பொருளும் பழக்கமும்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை என்று இந்த வட்டாரத்தின் எந்தக் கிறிஸ்தவ வீட்டுக்குப் போனாலும் ஜெபம் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் முடிகிறது. சாப்பாட்டுத் தட்டின் முன் கண்ணை மூடும் பிள்ளையும், ஞாயிறு ஆராதனையில் பொது விண்ணப்பத்தை ஏறெடுக்கும் மூப்பரும், "இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஜீவனுள்ள நல்ல பிதாவே, ஆமென்" என்று சொல்லித்தான் தலை நிமிர்கிறார்கள். அதுவரை தயங்கித் தயங்கி வந்த குரல் அந்த இடத்துக்கு வந்ததும் வேகமெடுப்பதை வீட்டு ஜெபக்கூட்டங்களுக்குப் போகிறவர்கள் நன்றாக அறிவார்கள். பலருக்கு அந்த வாக்கியம் விண்ணப்பம் முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளமாக மட்டுமே நின்றுவிட்டது. ஆனால் கிறிஸ்தவ விசுவாசத்தின்படி, ஜெபிக்கிறவர் எந்த உரிமையில் கடவுளுக்கு முன் நிற்கிறார், எதைக் கேட்கலாம், கிடைக்கும் பதிலை எந்த மனதோடு ஏற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த நாமத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆகவே அந்த நாமம் ஜெபத்தின் முதல் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது. அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதையும் கூடியவரை விளக்கமாகச் சொல்கிறேன்.

இயேசு சொன்னது என்ன

இந்தப் பழக்கத்துக்கு ஆதாரமான வசனங்கள் பெரும்பாலும் யோவான் சுவிசேஷத்தின் 14, 15, 16 ஆகிய அதிகாரங்களில் இருக்கின்றன. சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவில், சீஷர்களோடு பந்தியிருந்த பின் இயேசு பேசியவை அவை. "நீங்கள் என் நாமத்தினாலே எதைக் கேட்பீர்களோ, குமாரனில் பிதா மகிமைப்படும்படியாக, அதைச் செய்வேன்" என்பது யோவான் 14:13. இதில் "எதைக் கேட்பீர்களோ", "அதைச் செய்வேன்" என்ற முன்பகுதியும் பின்பகுதியும் நமக்கு மனப்பாடம். நடுவில் இருக்கும் "குமாரனில் பிதா மகிமைப்படும்படியாக" என்பது பெரும்பாலும் நழுவிவிடுகிறது. அந்த நடுப்பகுதிதான் வாக்குத்தத்தத்துக்கு எல்லை வகுக்கிறது. கேட்கப்படுவது நிறைவேறும்போது குமாரன் மூலமாகப் பிதாவுக்கு மகிமை உண்டாக வேண்டும். அப்படிப்பட்ட விண்ணப்பத்தைத்தான் "என் நாமத்தினாலே" கேட்பது என்று இயேசு சொல்லுகிறார். அடுத்த அதிகாரத்தில் இதே வாக்கை, அவரில் நிலைத்திருப்பதோடும் கனி கொடுப்பதோடும் சேர்த்தே சொல்லுகிறார் (15:7, 16). அவருடைய வார்த்தைகள் ஒருவருக்குள் நிலைத்திருந்தால், அவர் கேட்கும் காரியங்களும் அந்த வார்த்தைகளுக்கு ஏற்றபடியே உருவாகும் அல்லவா?

மூன்றாவது இடத்தை நம்முடைய பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. எனக்கோ அதுதான் மிகவும் அருமையானதாகத் தோன்றுகிறது. 16ஆம் அதிகாரம் 26, 27ஆம் வசனங்களில், என் நாமத்தினாலே வேண்டிக்கொள்வீர்கள் என்று சொன்ன அதே மூச்சில், உங்களுக்காகப் பிதாவை நான் கேட்டுக்கொள்வேன் என்று சொல்லவேண்டியதில்லை என்றும், "பிதாதாமே உங்களைச் சிநேகிக்கிறார்" என்றும் இயேசு சொல்லுகிறார். கடவுள் கடுமையானவர், இயேசு இளகிய மனமுள்ளவர், ஆகவே இயேசுவின் பெயரைச் சொன்னால்தான் அந்தக் கடினமான மனது கொஞ்சம் இரங்கும் என்ற எண்ணம் நம் மக்களிடையே ஆழமாக இருக்கிறது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் சிபாரிசைத் தேடிப் பழகிய நமக்கு அப்படி நினைப்பது எளிது. இந்த வசனம் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கவில்லை. இயேசுவை அனுப்பியவரே பிதாதான். அவர் மனதை மாற்றுவதற்காக அந்த நாமம் கொடுக்கப்படவில்லை. ஏற்கெனவே நேசிக்கிற பிதாவினிடத்தில் நாம் பயமில்லாமல் சேரும்படி கொடுக்கப்பட்டது அது.

ஒருவருடைய பெயரால் பேசுவது என்றால் என்ன என்பதைப் பழைய ஏற்பாட்டிலேயே காணலாம். தாவீது தன் வாலிபர் பத்துப்பேரை நாபால் என்ற செல்வந்தனிடத்துக்கு அனுப்பும்போது, தன் பெயரால் அவனுடைய சுகசெய்தியை விசாரிக்கச் சொல்லி, என்ன பேச வேண்டும் என்பதையும் சொல்லியனுப்புகிறான் (1 சாமுவேல் 25). அவர்கள் போய் அந்த வார்த்தைகளையே சொல்லுகிறார்கள். தங்கள் சொந்த ஆசை எதையும் அவர்கள் அதோடு சேர்க்கவில்லை. நாபால் அவர்களை அவமதித்தபோது அதைத் தனக்கே செய்யப்பட்ட அவமதிப்பாகத் தாவீது எடுத்துக்கொண்டான். பெயரைக் கொடுத்தவர் தம்மையே அந்தக் காரியத்தில் ஒப்புக்கொடுக்கிறார். பெயரைப் பெற்றவரோ அவர் சொன்னதைத் தாண்டிப் பேசாமலிருக்கக் கடமைப்படுகிறார்.

திடப்படுத்தலுக்கு, அதாவது சபையின் முழு உறுப்பினராகச் சேருவதற்கு, ஆயத்தமாகும் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டுமானால், தெருமுனை மளிகைக்கடையைச் சொன்னால் போதும். "அப்பா கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் எட்டு வயதுப் பிள்ளைக்கு, கையில் ஒரு ரூபாய்கூட இல்லாவிட்டாலும், கடைக்காரர் அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுக்கிறார். பிள்ளையின் முகத்துக்காக அவர் கொடுக்கவில்லை. தகப்பனின் கணக்கு நாணயமானது என்பதற்காகக் கொடுக்கிறார். அதே பிள்ளை அப்பா சொல்லாத எதையாவது அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டால், அது அப்பாவின் பெயரால் கேட்டதாகுமா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

ஜெபத்தைத் தொடங்குமுன்

நாம் எல்லாரும் அறிந்தோ அறியாமலோ வேறு சில பெயர்களோடும் கடவுளிடம் போகிறோம். அமெரிக்க மிஷனெரிகளின் ஆற்காடு மிஷன் 1853இல் இந்தப் பகுதியில் வேலை தொடங்கிய காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாய் இருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. தாத்தா உபதேசியார், பாட்டி வீடுவீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுத்த வேதாகமப் பெண், அப்பா நாற்பது ஆண்டுகள் சபைச் செயலாளர் என்று சொல்லிக்கொள்வதில் நியாயமான மகிழ்ச்சி உண்டு. ஆனால் ஜெபத்தில் அது உரிமைப் பத்திரமாக வந்துவிடக் கூடாது. அதுபோலவே மூன்று நாள் உபவாசம் இருந்தேன், தசமபாகம் தவறாமல் கொடுத்தேன், கட்டிட நிதிக்குப் பொருத்தனை செய்திருக்கிறேன் என்பவையும் மெல்ல உள்ளே நுழைந்துவிடுகின்றன. இவற்றில் எதுவும் தவறான காரியம் அல்ல. ஆனாலும் "இதற்காகவாவது எனக்குச் செவிகொடும்" என்று மனது சொல்லத் தொடங்கும்போது, வாய் இயேசுவின் நாமத்தைச் சொன்னாலும் அந்த ஜெபம் நம்முடைய சொந்த நாமத்தில்தான் ஏறெடுக்கப்படுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நான் அதிகமாகக் கண்டது இதைத்தான். "நான் ஜெபம் செய்தால் ஆண்டவர் கேட்பாரா? நீங்கள் ஜெபம் பண்ணுங்கள், ஐயா" என்று சொல்லித் தயங்கி நிற்கும் மக்கள், குறிப்பாகப் பெண்கள், எத்தனையோ பேர். கணவன் குடிக்கிற வீட்டில் கோபத்தில் பேசிய வார்த்தைகள், பல மாதம் கோயிலுக்குப் போகாத குற்ற உணர்வு, எழுதப் படிக்கத் தெரியாத கூச்சம் எல்லாம் சேர்ந்து அவர்களைப் பின்னால் இழுக்கின்றன. எபிரெயர் 4:16 இவர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கிறது: "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்." அந்தத் தைரியத்துக்கு ஆதாரம் முந்தின இரண்டு வசனங்களில் இருக்கிறது, வானங்களின் வழியாய்ப் பரலோகத்துக்குப் போன, நம்முடைய பலவீனங்களைக்குறித்துப் பரிதபிக்கக்கூடிய பிரதான ஆசாரியர் நமக்கு இருக்கிறார் என்பதே அது. தகுதியுள்ளவரும் தகுதியில்லாதவரும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். அந்த வாசலை மூப்பருக்குப் பெரிதாகவும் பீடி சுற்றும் தாய்க்குச் சிறிதாகவும் யாரும் கட்டி வைக்கவில்லை.

ஆகவே நான் பரிந்துரைக்கும் முதல் நடைமுறை இது. கடைசியில் சொல்லும் வாக்கியத்தைச் சில நாட்களுக்கு முதலில் சொல்லிப் பாருங்கள். "எங்கள் பிதாவே, எங்களிடத்தில் ஒரு நன்மையும் இல்லாதிருந்தும், உம்முடைய குமாரனாகிய இயேசு எங்களுக்காக மரித்து உயிர்த்தெழுந்தபடியினால் அவருடைய நாமத்தில் உம்மிடத்தில் வருகிறோம்" என்று தொடங்குங்கள். சொன்ன பிறகு உடனே பட்டியலுக்குப் போய்விடாமல் சற்று நில்லுங்கள். யார் முன், யார் நிமித்தம் நிற்கிறோம் என்பது மனதில் பதிந்த பின் வரும் விண்ணப்பங்கள் தாமாகவே வேறு விதமாக வரத் தொடங்கும்.

விண்ணப்பத்தைச் சீர்ப்படுத்துவது

ஒரு எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்பது நல்லது. ஆம்பூரில் ஒரு தாய் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் டிப்ளமோ முடித்துப் பல மாதங்களாகியும் வேலை கிடைக்கவில்லை. ஒரு ஷூ கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்திருக்கிறான். அந்தத் தாய் இப்படி ஜெபிக்கிறார்: "ஆண்டவரே, அந்தக் கம்பெனி வேலை என் பிள்ளைக்குத்தான் கிடைக்க வேண்டும். போட்டிக்கு வந்த மற்றவர்களை எல்லாம் விலக்கிப்போடும். எங்களைக் கேவலமாகப் பேசிய சொந்தக்காரர்கள் முன்னே எங்களைத் தலைநிமிரப் பண்ணும். வேலை கிடைத்தால் முதல் மாதச் சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து காணிக்கையாகப் படைக்கிறேன். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், ஆமென்."

இந்த ஜெபத்தைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. இதற்குள் ஒரு தாயின் கண்ணீர் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வரியின் முன்னும் நின்று, இதை இயேசு என் பக்கத்தில் நின்று பிதாவினிடத்தில் சொல்லுவாரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மகனுக்கு வேலை வேண்டும் என்பதை அவர் நிச்சயம் சொல்லுவார். அன்றன்றுள்ள ஆகாரத்துக்காகக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அவரே. மற்றப் பிள்ளைகளை விலக்கிப்போடும் என்பதைச் சொல்லுவாரா? அவர்களுக்கும் தாய்மார் உண்டு. அவர் யாருக்காக மரித்தாரோ அந்தப் பிள்ளைகள்தாம் அவர்களும். சொந்தக்காரர்கள் முன் தலைநிமிர வேண்டும் என்ற வரியில் உண்மையான ஒரு வேதனை இருக்கிறது. ஆனால் அது பழிக்குப் பழியின் உருவத்தில் வெளிவந்திருக்கிறது. முதல் மாதச் சம்பளம் நன்றியாகக் கொடுக்கப்பட்டால் அழகானது. பேரமாக வைக்கப்பட்டால், ஏற்கெனவே விலைகொடுத்துத் திறக்கப்பட்ட வாசலில் மறுபடியும் கட்டணம் கட்ட முயல்வதாகிறது.

இப்போது அதே தாய் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "எங்கள் பிதாவே, இயேசுவின் நிமித்தம் உம்மிடத்தில் வருகிறேன். என் மகன் வேலையில்லாமல் மனம் ஒடிந்து கிடக்கிறதை நீர் பார்க்கிறீர். அவன் உழைத்துச் சாப்பிட ஒரு வழியைத் திறந்தருளும். அந்தக் கம்பெனி வேலையே கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று ஆசைப்படுகிறேன். உமக்குச் சித்தமானால் அதையே தாரும். அவனோடு அங்கே வந்து காத்திருந்த பிள்ளைகளையும் கைவிடாதேயும். எங்களைப் பேசினவர்களின் வார்த்தை என் நெஞ்சில் முள்ளாயிருக்கிறது. அவர்களை மன்னிக்க எனக்குப் பெலன் தாரும். எது நடந்தாலும் என் பிள்ளை உம்மை விட்டுப் போகாதபடி அவனைக் காத்துக்கொள்ளும். எங்கள் கர்த்தராகிய இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், ஆமென்."

கேட்கும் காரியம் எதுவும் சுருங்கிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்பதற்கும் தடை இல்லை. தேவ சித்தம் என்று சொல்லிக்கொண்டு மழுப்பலாக எதையும் கேட்காமல் விடுவது பக்தியாகத் தோன்றினாலும், பிள்ளை தகப்பனிடம் பேசும் முறை அதுவல்ல. ஆசையை ஆசையாகவே சொல்லி, அதை அவருடைய சித்தத்துக்குக் கீழே வைக்க வேண்டும். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, "உமக்குச் சித்தமானால் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும், ஆயினும் என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று வேண்டினார் (லூக்கா 22:42). முதலில் விருப்பம் தெளிவாகச் சொல்லப்படுகிறது. பிறகு ஒப்புக்கொடுத்தல் வருகிறது. இரண்டில் ஒன்றை விட்டாலும் அவர் ஜெபித்த மாதிரி ஆகாது.

தனியாக ஜெபிக்கும்போது விண்ணப்பத்தைச் சோதித்துப் பார்க்க, இயேசு சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தைவிடச் சிறந்த துணை வேறில்லை. அதில் "இயேசுவின் நாமத்தில்" என்ற சொற்களே இல்லை என்பதைச் சிலர் குழப்பத்தோடு கேட்பதுண்டு. ஆனால் "எங்கள் பிதாவே" என்று சொல்லும் உரிமை இயேசுவின் மூலமாகத்தான் நமக்கு வந்தது. ஆகவே அந்த இரண்டு சொற்களிலேயே அவருடைய நாமம் அடங்கியிருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தை அதன் ஒவ்வொரு வரியோடும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்ற வரிக்குப் பக்கத்தில் அது கூசாமல் நிற்கிறதா? "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரியைத் தாண்டி வர அதனால் முடிகிறதா? யாக்கோபு 4:3 சொல்லும் "தகாதவிதமாய்" கேட்கும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் நின்றுவிடும்.

நோயாளியின் படுக்கையருகே

வேலூரில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பகுதி மிகவும் தேவை. மருத்துவ மிஷனெரி ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி, சி.எம்.சி. என்று நாடெங்கும் அறியப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகளை இந்த ஊருக்குக் கொண்டுவருகிறது. சொந்தக்காரர், பக்கத்து வீட்டார், சபையார் என்று யாராவது ஒருவருக்காக மருத்துவமனைக்குப் போய் ஜெபிக்காத கிறிஸ்தவர் இந்த ஊரில் அரிது. அந்தப் படுக்கையருகேதான் இயேசுவின் நாமம் மிக அழகாகவும், சில வேளைகளில் மிகத் தவறாகவும் பயன்படுத்தப்படுகிறது.

போனவுடனே ஜெபத்தைத் தொடங்கிவிடாதீர்கள். நோயாளி விழித்திருக்கிறாரா, வலியில் இருக்கிறாரா என்று பாருங்கள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தால் அந்தக் கையைப் பிடிக்க வேண்டாம். நர்ஸ் மருந்து கொடுக்க வந்தால் ஒதுங்கி நின்று இடம் விடுங்கள். "ஜெபம் பண்ணட்டுமா?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் வேறு மதத்தவராக இருந்தால் இதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர் தலையசைத்தால், பழச்சாறு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து வாருங்கள். தாகமுள்ளவனுக்குத் தம் நாமத்தினிமித்தம் கொடுக்கப்படும் ஒரு கலசம் தண்ணீரையும் கர்த்தர் கணக்கில் வைக்கிறார் (மாற்கு 9:41). சம்மதித்தால், நோயாளியின் பெயரைச் சொல்லி, அடுத்த படுக்கையில் இருப்பவரின் தூக்கம் கெடாத குரலில், நான்கைந்து வாக்கியங்களில் ஜெபியுங்கள். வலி குறைய, சிகிச்சை பலிக்க, மருத்துவர்களின் கைகளுக்கு நிதானம் உண்டாக, உடன் இருந்து பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மகளுக்கோ பெலன் கிடைக்க என்று கேட்க வேண்டியவை கண்ணெதிரே இருக்கின்றன. நோயாளியின் காதில் விழும்படி ஒரு சின்னப் பிரசங்கத்தை ஜெபமாக்கிச் சொல்லுவது கடவுளோடு பேசுவதாகாது.

சுகத்துக்காகத் துணிந்து கேளுங்கள். அலங்கார வாசலில் உட்கார்ந்திருந்த சப்பாணியிடம் பேதுரு, "நசரேயனாகிய இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே நீ எழுந்து நட" என்று சொன்னதை விசுவாசிக்கிறவர்கள் நாம். ஆனால் ஜனங்கள் ஓடிவந்து கூடியபோது அதே பேதுரு முதலாவது சொன்னது, எங்கள் சுயசக்தியினாலோ சுயபக்தியினாலோ இது நடக்கவில்லை என்பதுதான் (அப்போஸ்தலர் 3:12). அந்த நாமத்தைச் சொல்லுகிறவர் தம்மேல் விழும் பார்வையை உடனே அவரிடம் திருப்பிவிட வேண்டும். கடவுள் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக உறுதி கூறவும் நமக்கு அதிகாரம் இல்லை. "இயேசுவின் நாமத்தில் சுகமாகிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம்" என்று ஒரு நோயாளியிடம் சொல்லுவது விசுவாசம் அல்ல. கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்கக் கூடாது என்ற கட்டளையை மீறுவது என்றே நான் அதைக் கருதுகிறேன். சுகம் கிடைக்காதபோது, "உங்களுக்கு விசுவாசம் குறைவு" என்று சொல்லிவிட்டுப் போவது அதைவிடக் கொடியது. வியாதியின் பாரத்தோடு குற்றத்தின் பாரத்தையும் அது ஏற்றிவைக்கிறது.

கேட்டது கிடைக்காதபோது

எதைக் கேட்டாலும் செய்வேன் என்றாரே, ஏன் செய்யவில்லை என்ற கேள்வியை மழுப்பக் கூடாது. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் கர்த்தரிடத்தில் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12:9). பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் சரியான நாமத்தில்தான் கேட்டார், செவிகொடுக்கப்பட்டது, கேட்டதற்கு மாறான ஒன்று கொடுக்கப்பட்டது. "நாம் எதையாகிலும் அவருடைய சித்தத்தின்படி கேட்டால், அவர் நமக்குச் செவிகொடுக்கிறாரென்பதே" நம்முடைய தைரியம் என்று 1 யோவான் 5:14 சொல்லுகிறது. அவருடைய சித்தம் முன்கூட்டியே நமக்கு முழுவதும் தெரிவதில்லை. அதனால்தான் நாமத்தைச் சொல்லிக் கேட்பதில், பதிலை அவர் கையில் விடுவதும் சேர்ந்திருக்கிறது. பிள்ளையை இழந்த வீட்டில் இந்த விளக்கத்தைப் பேசத் தேவையில்லை. அங்கே உட்கார்ந்து அழுவதும், அழுகிறவர்களுக்குப் பதிலாக ஜெபத்தைச் சொல்லுவதுமே அந்த நாமத்தில் செய்யக்கூடியது.

அடிக்கடி எழும் சில கேள்விகள்

அந்த வாக்கியத்தைச் சொல்ல மறந்துவிட்டால் ஜெபம் கேட்கப்படாதா என்று பலர் கவலைப்படுகிறார்கள். கேட்கப்படும். புதிய ஏற்பாட்டில் பதிவாகியிருக்கும் ஜெபங்களில் பெரும்பாலானவை அந்தச் சொற்களோடு முடிவதில்லை. சாலைமேல் பேருந்து தடுமாறும்போது "இயேசுவே!" என்று வாயிலிருந்து வரும் ஒற்றைச் சொல்லும் ஜெபம்தான். அதே சமயம், சரியான சொற்களைச் சொல்லிவிட்டதால் மட்டும் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. எபேசுவில் ஸ்கேவாவின் குமாரர் ஏழுபேர், பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பெயரை மந்திரம்போல எடுத்துப் பிரயோகித்தபோது, "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்" என்று பொல்லாத ஆவி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் காயப்பட்டு ஓடினார்கள் (அப்போஸ்தலர் 19). இயேசுவோடு உறவில்லாதவருடைய வாயில் அந்த நாமம் வெறும் சத்தமாக இருந்துவிடுகிறது.

இயேசுவையே நோக்கி ஜெபிக்கலாமா என்றால், தாராளமாக ஜெபிக்கலாம். ஸ்தேவான் மரிக்கும்போது, "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்று அவரையே கூப்பிட்டான். ஆனாலும் திருச்சபையின் பொது ஜெபங்களின் வழக்கமான போக்கு, பரிசுத்த ஆவியினாலே, குமாரன் மூலமாய், பிதாவை நோக்கிச் செல்லுவதாகும். எபேசியர் 2:18 அதைத்தான் சொல்லுகிறது. தென்னிந்தியத் திருச்சபையின் சுருக்க ஜெபங்கள் "எங்கள் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் மூலமாய்" என்றும், கத்தோலிக்கத் திருப்பலி மன்றாட்டுகள் "எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக" என்றும் முடிவது இதனால்தான். பெந்தெகொஸ்தே சபைகளில் "இயேசுவின் நாமத்தில் கட்டளையிடுகிறேன்" என்று தீமையை எதிர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு. அதற்கு அப்போஸ்தலர் நடபடிகளில் முன்மாதிரி இருக்கிறது. ஆனால் கட்டளை தீமையை நோக்கியது என்பதையும், பிதாவை நோக்கி நாம் வைப்பது என்றைக்கும் விண்ணப்பமே என்பதையும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது.

ஜெபித்து முடித்த பின்னும் அந்த நாமத்தின் கடமை தொடர்கிறது. வார்த்தையினாலாவது கிரியையினாலாவது எதைச் செய்தாலும் கர்த்தராகிய இயேசுவின் நாமத்தினாலே செய்யுங்கள் என்று கொலோசெயர் 3:17 சொல்லுவதால், பக்கத்துத் தெருவில் பட்டினியாயிருக்கும் குடும்பத்துக்காக ஜெபித்தவர் அரிசிப்பையோடு அங்கே போகவும் வேண்டியிருக்கும். கேட்டதற்கு விடையாக நம்மையே அனுப்பக்கூடியவரிடத்தில்தான் கேட்டிருக்கிறோம்.

இனி, கூட்டத்தில் ஜெபத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மற்றவர்களின் ஜெபக்குறிப்புகளை வாங்கும்போது, பலர் அறியக் கூடாத விவரங்களை விண்ணப்பத்தில் வெளியிட்டுவிடாதீர்கள். ஒரு குடும்பத்தின் அவமானம் ஜெபத்தின் வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டால் அந்த நாமத்துக்கே இழுக்கு. எல்லாருக்கும் புரியும் சொற்களில், எல்லாரும் மனதார ஏற்கக்கூடியதைக் கேளுங்கள். புரியாத ஒருவர் உங்கள் ஸ்தோத்திரத்துக்கு எப்படி ஆமென் சொல்லுவார் என்று பவுல் கொரிந்து சபையைக் கேட்கிறார் (1 கொரிந்தியர் 14:16). முடிவுக்கு வரும்போது வேகத்தைக் குறையுங்கள். "இயேசு கிறிஸ்துவின் நாமத்தில்" என்பதை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, "ஆமென்" என்பதைப் பாயின் கடைசி ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் சேர்ந்து சொல்லும்படி ஒரு மூச்சு நேரம் காத்திருந்து சொல்லுங்கள்.